புது 150 சிசி பைக்: 1000 கி.மீ வரை 40-ஐத் தாண்டக் கூடாதா? ஏற்காடு ஏறலாமா?

மலைப்பாதை_சேலம்:

வணக்கம் நண்பர்களே. புதுசா ஒரு 150 சிசி பைக் எடுத்திருக்கேன். ஏர் கூல்டு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், 5 கியர். ஓடோமீட்டர் இன்னும் 200 தொடல. டெலிவரி கொடுக்கும்போது "முதல் 1000 கிலோமீட்டர் 40-ஐத் தாண்டாதீங்க சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. யூட்யூப்ல பார்த்தா நேர் எதிரா பேசறாங்க. முதல் நாளே நல்லா முறுக்கி ஓட்டணும், அப்பதான் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுத்தியிருக்கிற வளையம்) சிலிண்டர் சுவரோட பொருந்தி உட்காரும், இல்லேன்னா வண்டி கடைசி வரைக்கும் மந்தமாத்தான் இருக்கும்னு சொல்றாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது: எந்த அளவுக்கு முறுக்கலாம்? வேலை விஷயமா அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்கணும், முதல் சர்வீசுக்கு முன்னாடி அந்த மலையில ஏத்தலாமா? வண்டி சூடானதும் சிக்னல்ல நியூட்ரல் விழ மாட்டேங்குது, 1-லிருந்து 2-க்குப் போகும்போது சில சமயம் நடுவுல நின்னுடுது, இது கியர்பாக்ஸ் கோளாறா? அப்புறம் முதல் ஆயில் எப்ப மாத்துறது, நேரா ஃபுல் சிந்தெடிக் ஊத்தலாமா? சைலன்சர்லேருந்து கருகுற வாடை வேற வருது.

லேத்_பட்டறை:

தம்பி, வாடையை முதலில் முடித்துவிடுவோம். புது சைலன்சரின் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் எரியும் வாடை அது. கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும். பெட்ரோல் வாடையோ, இன்ஜின் அடியில் ஆயில் கசிவோ இருந்தால் மட்டும் ஷோரூமுக்குப் போங்கள்.

40-ஐத் தாண்டாதே என்பதும் முறுக்கு என்பதும் ஆளுக்குப் பாதி சரி. இன்ஜினுக்குத் தெரிவது ஸ்பீடோமீட்டர் முள் அல்ல, எத்தனை ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்), எவ்வளவு சுமை, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான். அஞ்சாவது கியரில் 35-ல் போய்க்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறினால் வேகம் குறைவுதான், ஆனால் இன்ஜின் திணறும். அதே 35-ஐ மூன்றாவது கியரில் போனால் சுகமாக ஏறும். ஷோரூம்காரர் பேச்சை அப்படியே கேட்டு டாப் கியரில் 40-லேயே உருட்டுபவர்கள் செய்வது முதல் வகை.

உள்ளே நடப்பது இது. சிலிண்டர் சுவரைத் தொழிற்சாலையில் ஹோனிங் கல் விட்டுக் குறுக்கும் மறுக்குமாகக் கீறி விடுகிறார்கள். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டின் மேல் ரிங் உரசி இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்தும். ரிங் தன் சொந்த ஸ்பிரிங் விசையால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் மேல் ரிங்கின் பின்னால் உள்ள காடியில் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எப்போதும் கால் த்ராட்டிலிலேயே ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. சரியாக ஒட்டாத ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே போய் வெந்து, கீறல்களை அடைத்துச் சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கிவிடும். 'போர் (சிலிண்டரின் உள்துளை) கிளேஸ் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். அதற்குப் பிறகு ரிங் உட்காராது. முறுக்கும்போது நீலப் புகை, ஆயில் அளவு குறைதல், இழுவையில்லாமை எல்லாம் வரும். போரை மறுபடி ஹோன் செய்து ரிங் செட் மாற்ற வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு பரப்பும் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் உரசல் சூடு அதிகம். அலுமினிய பிஸ்டன், சிலிண்டரின் உள்ளுறையான இரும்பு லைனரைவிட அதிகமாக விரியும். ஏர் கூல்டு வண்டியில் அந்தச் சூட்டை வெளியேற்றக் காற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே தொடர்ந்து முறுக்கினால் பிஸ்டன் பாவாடையில் (அதன் கீழ்ப்பகுதியில்) கோடு விழும். சுமை வேண்டும், ஆனால் விட்டு விட்டு வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

ரெட்லைன் (இன்ஜின் தாண்டக் கூடாத ஆர்.பி.எம்) 9,500 – 10,000 பக்கம் உள்ள 150-க்கு என் கணக்கு: முதல் 300 கி.மீ வரை 3,000-க்கும் 5,000-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருங்கள், த்ராட்டில் பாதிக்கு மேல் வேண்டாம். ரோடு காலியாக இருக்கும்போது மூன்றாவது கியரில் 3,500-லிருந்து 5,000 வரை திடமாக ஏற்றிவிட்டு, த்ராட்டிலை மூடி வண்டி தானாக இறங்க விடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இப்படி ஏழெட்டு முறை போதும். மூடும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை ரிங் பக்கம் இழுத்து, தேய்ந்த துகளைக் கழுவிவிடும். 300-க்குப் பிறகு முதல் சர்வீஸ் வரை 6,000-ஐச் சில விநாடி தொடலாம். சர்வீஸ் முடிந்து 1,000 வரை 7,000. அதற்கு மேல் தடையில்லை, ஆனால் 1,500 – 2,000 வரை பைபாஸில் நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் போக வேண்டாம். உங்கள் கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் இருந்தால் அதுதான் செல்லும். வாரண்டி பேச்சு வந்தால் எடுத்துப் பார்ப்பது கையேட்டைத்தான்.

நாமக்கல் நாலுவழிச் சாலையில் ஒரே 50-ல் அரைமணி நேரம் போவதைவிட, ஊர்களுக்குள் நுழைந்து போகும் ராசிபுரம் உள்ரோடு ரன்னிங்-இன்னுக்கு (புது வண்டியைப் பழக்கும் ஓட்டத்துக்கு) நல்லது. கியரும் ஆர்.பி.எம்மும் தானாக மாறிக்கொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள், முதல் 2 – 3 கி.மீ மெதுவாகப் போங்கள். 'சூடேறட்டும்' என்று பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுவது ரிங்குக்கு எந்த நன்மையும் செய்யாது.

ஏற்காடு: 300 கி.மீ கடந்த பிறகு ஏறுவது உத்தமம். முன்னாடியே போக வேண்டியிருந்தால் போங்கள், தவறில்லை. ஏற்றம் உண்மையில் ரிங்குக்கு நல்ல சுமை. 20 ஹேர்பின் வளைவுகளிலும் கெடுப்பது ஏற்றம் அல்ல, தப்பான கியர். தனியாக, வெயில் ஏறும் முன் போங்கள். வளைவுக்கு முன்பே 2-க்கு இறக்கிவிட வேண்டும், வளைவின் நடுவில் அல்ல. நேர்த்துண்டில் 3. ஆர்.பி.எம் காட்டும் டாக்கோமீட்டர் 4,000 – 5,500-க்குள் நிற்கட்டும், 300 கி.மீ-க்கு முன் என்றால் 5,000-ஐத் தாண்ட வேண்டாம். முறுக்கினாலும் வேகம் கூடாமல் ஹேண்டில்பார் அதிர்ந்தால், அல்லது 'கட கட' என்று நாக்கிங் கேட்டால், உடனே ஒரு கியர் இறக்குங்கள். பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். சூடு தணிய இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கிளட்ச்_பிளேட்:

மேலே அண்ணன் இன்ஜினைச் சொல்லிட்டார், நான் கியர்பாக்ஸ் பக்கம் வரேன். பாதிப் பேர் ரன்னிங்-இன்னா பிஸ்டன் மட்டும்னு நினைக்கிறாங்க.

பைக் கியர்பாக்ஸ்ல கார்ல இருக்கிற மாதிரி சிங்க்ரோ (கியர் விழும் முன் சக்கரங்களோட வேகத்தைச் சமமாக்குற பாகம்) கிடையாது. எல்லாப் பல்சக்கரமும் எப்பவும் கடிச்சபடியேதான் சுத்தும். நீங்க லீவரை மிதிச்சா ஒரு பல்சக்கரம் நகர்ந்து, அதோட பக்கவாட்டுல இருக்கிற 'டாக்' எனும் தடித்த பற்கள் பக்கத்து சக்கரத்தோட குழியில போய் விழும். புது வண்டியில அந்த ஓரங்கள் கூர்மையா இருக்கும், பல்சக்கரத்தை நகர்த்துற ஷிஃப்ட் டிரம், ஃபோர்க் எல்லாம் இன்னும் வழவழப்பாகல. அதனால கொஞ்சம் முரட்டுத்தனமா விழுறது சகஜம்.

ஆனா 1-க்கும் 2-க்கும் நடுவுல நிக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் கால்தான். நியூட்ரல் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு. பயந்து பயந்து லீவரை பாதி தூக்கினா அங்கதான் நிக்கும். த்ராட்டிலை மூடி, கிளட்ச்சை முழுசா பிடிச்சு, லீவரை ஒரே மூச்சில கடைசி வரைக்கும் தூக்கி, கிளட்ச் விட்டு முடியுற வரைக்கும் அழுத்தத்தை வச்சிருந்து அப்புறம் காலை எடுங்க. அரைகுறையா கடிச்ச டாக் பற்கள் ஓரம் மழுங்கும். மழுங்கிட்டா பின்னாடி முறுக்கும்போது கியர் தானா கழண்டு வரும். அப்ப இன்ஜினையே பிரிச்சுத்தான் பல்சக்கரம் மாத்தணும்.

சூடானா நியூட்ரல் விழலைங்கிறது கிளட்ச் முழுசா விடுபடலைங்கிறதோட அடையாளம். முதல்ல கேபிளைப் பாருங்க. புது கேபிளோட உறை முதல் சில நூறு கிலோமீட்டர்ல அமுங்கி, ஃப்ரீ பிளே மாறிடும். லீவரோட நுனியில 10 – 15 மி.மீ சும்மா ஆடணும். அதைவிட அதிகமா ஆடினா கிளட்ச் பாதிதான் திறக்கும்: நியூட்ரல் விழாது, முதல் கியர் 'டங்'னு அடிக்கும். ஆட்டமே இல்லேன்னா பிளேட் எப்பவும் கொஞ்சம் வழுக்கிக்கிட்டே இருக்கும், கருகும். லீவர் பக்கம் இருக்கிற அட்ஜஸ்டரைக் கையாலேயே திருப்பி லாக் நட்டை இறுக்கலாம். அது சரியா இருந்தும் விழலேன்னா, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி, மெல்ல உருளும்போதே 2-லிருந்து நியூட்ரலுக்கு இறக்குங்க. நின்ன பிறகு 1-லிருந்து தூக்கிப் போராடுறதைவிட அது லேசு.

சிக்னல்ல கிளட்ச்சை பிடிச்சபடி முதல் கியர்ல காத்திருக்காதீங்க, ஏற்றத்துல அரை கிளட்ச்ல வண்டியை நிறுத்தி வைக்காதீங்க. புது ஃப்ரிக்‌ஷன் பிளேட் ஸ்டீல் பிளேட்டோட முழு பரப்பும் ஒட்டப் பழகுற நேரம் இது. சூடுபட்டு ஸ்டீல் பிளேட் நீலமாயிட்டா வளைஞ்சுடும்.

இன்னொண்ணு, யாரும் கண்டுக்கிறதில்ல: செயின். புது செயின் முதல் 500-லயே நல்லா தளரும். வண்டியை மெயின் ஸ்டாண்டுல போட்டு, பின்சக்கரத்தை சுத்தி செயின் எங்க அதிகம் இறுக்கமா இருக்குன்னு பாத்து, அந்த இடத்துல கீழ்ச் செயினோட நடுவுல மேலும் கீழும் அசைச்சு அளக்கணும். நிறைய 150-களுக்கு 25 – 35 மி.மீ, உங்க வண்டியோட சரியான அளவு ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்குற கை) ஸ்டிக்கர்லயோ கையேட்டுலயோ இருக்கும். தொளதொளன்னு இருந்தா கியர் மாத்தும்போதெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கும், அதை கியர்பாக்ஸ் கோளாறுன்னு நினைப்பீங்க. சத்தம் வருதேன்னு விறைப்பா இறுக்கினா அதைவிட மோசம், கியர்பாக்ஸ் வெளித்தண்டோட பேரிங் போயிடும்.

முழு_த்ராட்டில்:

இவ்ளோ பயப்படத் தேவையே இல்ல. இப்ப வர்ற இன்ஜினெல்லாம் சி.என்.சி மெஷின்ல செஞ்சது. முதல் 30 கிலோமீட்டர்தான் ரிங் உட்காருற நேரம், அதுக்குள்ள முறுக்கலேன்னா போச்சு. சூடு பண்ணிட்டு ரெட்லைன் வரைக்கும் அடிங்க, ஆயிலை உடனே மாத்துங்க. ரேஸ் இன்ஜினை யாராவது 1000 கி.மீ உருட்டிட்டா டிராக்குக்குக் கொண்டு போறாங்க?

லேத்_பட்டறை:

ரேஸ் இன்ஜினை சில பந்தயத்துக்கு ஒருமுறை பிரித்து ரிங் மாற்றுகிறார்கள். அவர்களுக்குத் தேவை இன்றைய பவர். இவருக்கு இந்த வண்டி பல வருஷம் ஓட வேண்டும்.

நீங்கள் சொல்வதில் உண்மையான பகுதி சுமை வேண்டும் என்பது, அதை நானும் எழுதியிருக்கிறேன். ஆரம்ப ஓட்டத்தில்தான் ரிங் அதிகம் படியும் என்பதும் சரி. சுமைக்கும் ரெட்லைனுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பிரச்சினை. ரிங்கை அழுத்துவது எரியும் வாயு. அது நடு ஆர்.பி.எம்மில் திடமாக முறுக்கினாலே கிடைத்துவிடும். 9,500-ல் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் உரசல் சூடும் பிஸ்டன் வேகமும்தான். இன்னொன்று, இப்போதைய பல போர்களில் ஹோனிங் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே பிளாட்டோ ஹோனிங் முறையில் மழுக்கிவிடுகிறார்கள். யமஹாவின் டயாசில் போன்ற லைனர் இல்லாத சிலிக்கான்-அலுமினிய சிலிண்டர்களும் வந்துவிட்டன. இவற்றில் தேய்த்துப் பொருத்த வேண்டிய வேலையே குறைவு. எனவே '30 கி.மீ-க்குள் முறுக்காவிட்டால் போச்சு' என்ற பயமும் தேவையில்லை.

மேலும் பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். நீங்கள் இன்ஜினுக்காக அடித்தால் புது பல்சக்கரங்களும் அடிபடும், அவற்றின் துகள் பிஸ்டன் பக்கமும் சுற்றும். போதாக்குறைக்கு டயர். புது டயரின் மேல் வழவழப்பு போக 150 – 200 கி.மீ ஆகும், டிஸ்க் பேடும் படிந்திருக்காது. அந்த நிலையில் ரெட்லைன் அடிக்கச் சொல்வது இன்ஜின் அறிவுரையே அல்ல. பேடு படிய, 50-லிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து விடுவதை ஒரு பத்து முறை, நடுவில் ஆற விட்டுச் செய்தால் போதும்.

கருப்பு_ஆயில்:

ஆயில் கேள்வி நிக்குது. முதல் ஆயில் கையேட்டில் உள்ள முதல் சர்வீசிலேயே, அதாவது பெரும்பாலான வண்டிக்கு 500 முதல் 1,000 கி.மீ-க்குள். கிலோமீட்டரோடு நாள் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முன்னால் வருகிறதோ அது. குறைவாக ஓட்டுபவர்கள் நாளைத் தவறவிட்டுவிட்டு வாரண்டிக்குச் சண்டை போடுகிறார்கள். உங்கள் கையேடு 1,000 என்று சொன்னால், நடுவில் 300 – 400-ல் கூடுதலாக ஒருமுறை மாற்றுவது நல்ல செலவு. கட்டாயம் இல்லை.

ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் ரிங் உட்காராது என்பது பழைய பேச்சு. சில கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அதோடுதான் வருகின்றன. ஆனால் சீக்கிரமே வடிக்கப் போகும் ஆயிலுக்கு அந்த விலை வீண். கையேட்டில் உள்ள கிரேடு, 10W-30 என்றால் 10W-30, 20W-40 என்றால் 20W-40. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய தரக் குறியீடு) எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம். மெல்லிய கிரேடு கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சப்படுத்த வழுக்குப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஆயிலில் நனைந்தே ஓடும் பைக் கிளட்ச் அதில் வழுக்கும். ஜாசோ எம்.பி என்பதும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

நீங்களே மாற்றுவதானால்: மூன்று நான்கு நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள், துகள் ஆயிலோடு கலந்து மிதக்கும்போதே வடிய வேண்டும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கை வெந்துவிடும். மெயின் ஸ்டாண்டில் நிமிர்த்தி, ஃபில்லர் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் வடியட்டும். சல்லடை உள்ள இன்ஜினில் அதையும் எடுத்துப் பெட்ரோலில் கழுவுங்கள், முதல் தடவை அதில் கேஸ்கெட் பசைத் துணுக்குகள் மாட்டியிருக்கும். பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டிக்குப் புது ஃபில்டர், புது ஓ-ரிங்.

வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் கவலை வேண்டாம், அது போரும் பல்சக்கரமும் படிந்த பொடி. விரலில் தேய்த்தால் நெருடுகிற சில்லு, கம்பி போன்ற துண்டு, உடைந்த பல்லின் முனை கிடைத்தால் படம் எடுத்து, துண்டைப் பத்திரப்படுத்தி, வண்டியை மேலும் ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், முதலில் கையால் திருகி மரை சரியாகப் பிடித்ததா என்று பார்த்த பிறகே ஸ்பேனர். இறுக்கும் அளவு பெரும்பாலும் 20 – 30 நியூட்டன் மீட்டர், கையேட்டில் இருக்கும். நீளமான ஸ்பேனரில் உடம்பு எடையைப் போட்டு இறுக்கி மரையைக் கெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இந்த சைஸ் இன்ஜினுக்கு ஆயில் 1 லிட்டருக்கு முன்பின் பிடிக்கும். வடித்து மாற்றும் அளவு வேறு, பிரித்துக் கட்டும்போது ஊற்றும் அளவு வேறு, கையேட்டில் சிறிய எண்ணைப் பாருங்கள். அதில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்து அளந்து மீதியைச் சேருங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதிகம் ஊற்றினால் ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறும், சீலில் கசியும்.

சர்வீசுக்கு விடும்போது டேப்பட் (வால்வு) இடைவெளியை இன்ஜின் ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். 'சத்தம் வருது' என்று சொன்னால் சிலர் இறுக்கி அனுப்பிவிடுவார்கள். சத்தம் போகும், ஆனால் வால்வு முழுதாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசான டிக் டிக் இருப்பதே நல்லது.

மலைப்பாதை_சேலம்:

எல்லாருக்கும் நன்றி. கிளட்ச் லீவர் நுனி 25 மி.மீ-க்கு மேல ஆடிக்கிட்டு இருந்துச்சு. 12-க்கு வச்சதும் நியூட்ரல் விழுது. இன்னும் ரெண்டு கேள்வி: ஏற்காட்டுலேருந்து இறங்கும்போது நியூட்ரல் போட்டு உருட்டினா இன்ஜினுக்கு ஓய்வுதானே, பெட்ரோலும் மிச்சமாகுமே? வீட்டுல ஒரு புது ஸ்கூட்டரும் வருது, அதுக்கும் இதே முறையா?

கிளட்ச்_பிளேட்:

நியூட்ரல்ல இறங்காதீங்க. மொத்த எடையும் பிரேக்ல வரும், புது பேடும் ஷூவும் பாதி மலையிலேயே கருகிப் பிடிக்காமப் போகும். பெட்ரோலும் மிச்சமாகாது: இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல போட்டு த்ராட்டிலை மூடினா பெட்ரோல் பீய்ச்சுறதே நின்னுடும், நியூட்ரல்ல ஐடிலிங்குக்கு குடிச்சுக்கிட்டே இருக்கும். 3 அல்லது 2-ல இறக்குங்க. இன்னொரு லாபமும் இருக்கு. முறுக்கும்போது பல்லோட ஒரு பக்கம் சுமை தாங்கும், இன்ஜின் பிரேக்கிங்ல மறுபக்கம் தாங்கும். ஏறி இறங்கினா ரெண்டு பக்கமும் படியும்.

ஸ்கூட்டருக்கு இன்ஜின் விஷயம் இதேதான், முறுக்கி விட்டு முறுக்கி விட்டு ஓட்டணும். கியர் இல்லாததால ஆர்.பி.எம்மை பெல்ட்டே பாத்துக்கும். அதுல கிளட்ச் ஆயில்ல நனையாது, காய்ஞ்ச ஷூ. மேட்டுல பிரேக் பிடிக்காம லேசா முறுக்கி வண்டியை நிறுத்தி வச்சா அந்த ஷூ கண்ணாடி பூத்து, கிளம்பும்போது வண்டி உதறும். பின்சக்கரத்துக்கிட்ட தனியா ஒரு சின்ன கியர் பெட்டி இருக்கும், 100 – 120 மில்லிதான் பிடிக்கும். நிறைய இடத்துல முதல் சர்வீஸ்ல அதைத் தொடாமலே விட்டுடுவாங்க. உங்க கையேடு மாத்தச் சொல்லியிருந்தா, பில்லுல இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் தனித்தனி வரியா இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.